உறையாக் குருதியும் மரபணு மருத்துவமும்

தோற்றுவாய்

நம் பாகாலா சந்திப்பில் வந்து நிற்கும் வண்டிகளில் இருவகை யாத்திரிகர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒரு சாரார் திருமலைக்குச் செல்வோரும் அங்கிருந்து திரும்புவோரும் ஆவர். மற்றொரு சாரார், மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சித்தூரைக் கடந்து காட்பாடியில் இறங்கி வேலூருக்குச் செல்வோர். முன்னவரை மழித்த தலையும் சந்தனமும் காட்டிக்கொடுக்கும். பின்னவரை மடியில் கிடக்கும் குழந்தையின் வாடிய முகம் காட்டிக்கொடுக்கும்.

அப்பின்னவருள் ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றியே இங்குக் கூறப் புகுகின்றோம். இரத்தம் உறையாத பிணியோடு பிறந்த பிள்ளைகளும் அவர்தம் பெற்றோருமே அக்கூட்டத்தார். மரபணு மருத்துவம் என்று உலகம் வியந்து பேசும் புதுக்கலையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் எங்கோ கடல் கடந்த நாட்டில் அன்று, நம் இருப்புப்பாதையின் தென்கோடியில் எழுதப்பட்டிருக்கிறது. அதனை நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும். இலக்கியமும் சமயமும் மணக்கும் ஆண்டு விழா மலரில் விஞ்ஞானத்திற்கும் ஓர் இதழ் ஒதுக்கிய மலர்க் குழுவினர்க்கு நம் நன்றி உரியதாகுக.

ஒரு வீட்டுக் காட்சி

ஒரு வீட்டை மனக்கண்ணால் காண்போம். ஆண் மகவு பிறந்து தவழத் தொடங்கியதும், அதன் முழங்காலிலும் முழங்கையிலும் காரணம் தெரியாமல் நீலத் தடிப்புகள் தோன்றுகின்றன. பால்பல் விழுந்த நாளில் வாயினின்று வடியும் இரத்தம் இரவெல்லாம் நிற்பதில்லை. பள்ளி செல்லும் பருவத்தில் முழங்கால் மூட்டு வீங்கிக் கால் நீட்ட முடியாமற் போகிறது. அப்போது வீட்டில் வழக்கு எழுகிறது. “உன் தம்பியும் இப்படித்தானே போனான்? உங்கள் வமிசத்துக் கோளாறு என் பேரன் தலையில் விடிந்ததே!” என்கிறாள் பாட்டி. “நாக தோஷம்” என்கிறார் அடுத்த வீட்டார். “உறவில் பெண் எடுத்த வினை” என்கிறார் மூன்றாமவர். பெற்றவளோ வாய் திறவாமல் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

இம்மூன்று கூற்றுகளில் எது மெய்? எது பொய்? இதற்கு விடை காண மனிதகுலத்திற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பழையோர் கண்டது

யூத மக்களிடையே ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்தல் சமயக் கடமை. ஆயினும், ஒரு தாயின் இரு புதல்வர் அச்சடங்கினால் இரத்தம் நில்லாது மாண்டிருப்பாராயின், மூன்றாம் புதல்வனுக்கு அதனைச் செய்தல் கூடாது என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே அவர்தம் ஆசான்கள் விதித்தனர். உடன்பிறந்த சகோதரிகளின் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக மாண்டபோது, எஞ்சிய சகோதரியின் மகனுக்கும் விலக்களித்தனர். நோய் தாய்வழி வருவது என்பதை நுண்கருவி ஏதும் இல்லாத அக்காலத்திலேயே அவர்கள் உணர்ந்திருந்தனர்.

1803-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் ஜான் கான்ராட் ஆட்டோ என்பார், சில குடும்பங்களில் ஆண்கள் மட்டுமே இவ்வாறு இரத்தம் சிந்துகின்றனர், பெண்கள் நலமாய் இருந்தும் தம் புதல்வர்க்கு நோயை வழங்குகின்றனர் என்று எழுதி வெளியிட்டார். 1828-இல் இந்நோய்க்கு ‘ஹீமோபிலியா’ என்னும் பெயர் ஏற்பட்டது.

இது ஏழை எளியவர் நோய் மட்டும் அன்று. நம் நாட்டையும் ஆண்ட விக்டோரியா மகாராணியின் புதல்வருள் ஒருவராகிய இளவரசர் லியோபோல்டு, 1884-இல், முப்பது வயதில், கீழே விழுந்து அடிபட்டதன் பயனாக இறந்தார். மகாராணியின் புதல்வியர் வழியே நோய் ஐரோப்பிய அரண்மனைகளுக்குள் புகுந்தது. ருஷ்ய நாட்டு இளவரசர் அலெக்சி 1904-இல் இந்நோயுடன் பிறந்தார். 1918-இல் அவர் கொலையுண்டார். எஞ்சிய எலும்புகளைச் சோதித்த விஞ்ஞானிகள், அவருக்கு இருந்தது ஹீமோபிலியாவின் ‘பி’ வகை என்று 2009-இல் மெய்ப்பித்தனர். மணிமுடி சூடிய தாயும் தன் மகனுக்கு எதை வழங்குகிறோம் என்று அறியாமலே வழங்கினாள் என்பதை நாம் இங்கு நினைவில் வைத்தல் வேண்டும்.

பரம்பரையின் எழுத்து

தந்தையின் மூக்கும் தாயின் கண்ணும் பிள்ளைக்கு எவ்வாறு வருகின்றன? ஆஸ்திரியப் பேரரசில் பிரன் நகரத்து மடத்துத் துறவியாகிய கிரிகோர் மெண்டல், தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, குணங்கள் ஒரு கணக்கின்படியே தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன என்று 1866-இல் வெளியிட்டார். அவர் வாழ்ந்தவரை அதனைப் போற்றுவார் இல்லை. 1900-ஆம் ஆண்டில்தான் உலகம் அதனை மீண்டும் கண்டெடுத்தது.

அதே 1900-ஆம் ஆண்டில் வேலூரில் மற்றொரு விதை ஊன்றப்பட்டது. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, ஒரே ஒரு படுக்கையுடன் ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். பெண் மருத்துவர் இல்லாத குறையால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு நெஞ்சம் உருகியே அவர் மருத்துவம் கற்கப் புகுந்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அந்நாளில் வேலூர் அடங்கிய வட ஆர்க்காடு மாவட்டத்திற்குத் தலைநகர் நம் சித்தூரே. 1911-இல் மாவட்டம் பிரிந்தது. பின்னர் மாநிலமும் பிரிந்தது. ஆயினும் நோயாளிகளின் பாதை பிரியவில்லை. இவ்விரு விதைகளும் ஒரு நாள் ஒரே மரமாகப் போவதை அன்று எவரும் அறிந்திலர்.

குணங்களைச் சுமக்கும் பொருளுக்கு மரபணு என்று பெயர். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிழைகள் இருபத்து மூன்று இணைகளாக உள்ளன. அவற்றுள் ஓர் இணையே ஆண் பெண் என்னும் வேற்றுமைக்குக் காரணம். பெண்ணுக்கு இரண்டு ‘எக்ஸ்’ இழைகள். ஆணுக்கு ஓர் ‘எக்ஸ்’, ஒரு ‘ஒய்’. இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் பல உண்டு. அவை சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றையொன்று தூண்டுவன. அவற்றுள் எட்டாவது காரணி என்னும் கண்ணியை ஆக்கும் மரபணு ‘எக்ஸ்’ இழையில் அமைந்துள்ளது. அது பழுதுபட்டால் தோன்றுவதே ஹீமோபிலியா ‘ஏ’. ஒன்பதாவது காரணி பழுதுபட்டால் ‘பி’ வகை. ‘ஏ’ வகை ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்வது.

ஒரு பெண்ணுக்கு ஓர் ‘எக்ஸ்’ பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் காத்துவிடும். இரட்டைத் தண்டவாளத்தில் ஒன்று அடைபட்டால் மற்றொன்றில் வண்டி செல்வது போலாம். ஆணுக்கோ ஒற்றைப் பாதை. அது அடைபட்டால் போக்குவரத்து நின்றுவிடும். பழுதைத் தாங்கிய தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்புப் பாதி. ஒவ்வொரு மகளும் அப்பழுதைத் தாங்குபவளாகும் வாய்ப்பும் பாதி. நோயுற்ற தந்தையின் புதல்வர்க்கு அவரிடமிருந்து நோய் வாராது; புதல்வியர் யாவரும் பழுதைத் தாங்குவர்.

இத்துறையில் மற்றொரு பேரறிஞரையும் குறிப்பிடல் வேண்டும். ஹீமோபிலியா மரபணுவில் புதிய பழுதுகள் தலைமுறைதோறும் எவ்வளவு விரைவில் தோன்றுகின்றன என்று 1935-இல் கணக்கிட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்குக் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் நோய் இராது; பழுது புதிதாகவே தோன்றியிருக்கும் என்பது இத்தகைய கணக்குகளின் முடிவு. அவர் 1957-இல் இங்கிலாந்தை விட்டு நம் நாட்டில் குடியேறி, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். அவரைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஆந்திர நாட்டின் உறவுமுறைத் திருமணங்களையும் ஆராய்ந்தனர்.

எழுத்தை வெட்டி ஒட்டும் கலை

மரபணு எப்பொருளால் ஆனது? டி.என்.ஏ. என்னும் நீண்ட இரட்டைச் சுருளால் ஆனது என்பதை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் விளக்கினர். ரோசலிண்டு பிராங்கிளின் அம்மையார் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் அதற்குத் துணையாயின. அச்சுருளில் நான்கே எழுத்துகள். அவற்றின் வரிசையே உடலின் விதி நூல். அவ்வெழுத்துகளின் பொருளைப் படித்தறிந்தோருள் நம் நாட்டில் பிறந்த ஹர் கோவிந்த கொரானா ஒருவர். 1968-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். 1970-இல் ஒரு மரபணுவை முழுவதும் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார்.

நுண்ணுயிர்களைக் கொண்டு வேலை வாங்குதல் புதிய செய்தி அன்று. நம் இல்லத்தரசியர் பாலுக்கு உறை ஊற்றுவதும், மாவைப் புளிக்க வைப்பதும் உயிரியல் தொழில் நுட்பத்தின் பழைய பாடங்களே. புதுமை எங்கே வந்தது எனின், நுண்ணுயிரின் விதி நூலிலேயே நாம் விரும்பும் ஒரு வரியைச் சேர்த்தலில் வந்தது. 1972-இல் பால் பெர்க் என்பாரும், 1973-இல் கோஹன், பாயர் என்பாரும், ஓர் உயிரின் டி.என்.ஏ.வை வெட்டி மற்றோர் உயிரினதுடன் இணைக்கும் வழியைக் கண்டனர். இதுவே மரபணுப் பொறியியல். இதனால் தீங்கு நேருமோ என்று அஞ்சிய விஞ்ஞானிகள், 1975-இல் கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடித் தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டனர். 1978-இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் ஆக்கப்பட்டது. 1982-இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. நீரிழிவுக்காக நம் வீடுகளில் இன்று ஏற்றிக்கொள்ளும் ஊசிமருந்து அக்கலையின் கனியே.

எட்டாவது காரணியின் மரபணு மிகப் பெரியது. ஏறத்தாழ 1,86,000 எழுத்துகளைக் கொண்டது. அது 1984-இல் பிரித்தெடுக்கப்பட்டது. கடுமையான நோயுடையோருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வகைப் பழுது இருப்பதை 1993-இல் கண்டனர். ஓடும் வண்டித் தொடரின் பெட்டிகள் சிலவற்றைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினாற் போன்றதொரு பழுது அது. பெட்டிகள் எல்லாம் உள்ளன, வரிசைதான் பிறழ்ந்துள்ளது!

மருந்தே நஞ்சாகிய காலம்

இனி, சோகமான ஒரு பகுதியைக் கூறல் வேண்டும். 1964-இல் ஜூடித் பூல் என்னும் அம்மையார், உறைய வைத்த இரத்தத் தெளிநீரை மெல்ல உருகச் செய்தால் எட்டாவது காரணி மிகுந்த வண்டல் அடியில் தங்குவதைக் கண்டார். நோயாளிகளுக்கு அது புதுவாழ்வு அளித்தது. பின்னர் ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தை ஒன்றாகக் கலந்து, உறைகாரணியைத் தூளாக்கி, வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளும் மருந்தும் வந்தது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் அவ்விரத்தத்தினூடே எய்ட்ஸ் நோயின் வைரஸாகிய எச்.ஐ.வி. புகுந்தது. அமெரிக்காவில் மட்டும் ஹீமோபிலியா நோயாளருள் ஏறத்தாழப் பாதிப் பேர் அதற்கு இரையாயினர். உயிர் காக்க வந்த மருந்தே உயிர் குடித்தது.

அவ்வைரஸ் நம் நாட்டிலும் உண்டு என்பது 1986-இல் வெளிப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவியும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலேயே சோதிக்கப்பட்டன. அதே 1986-இல் வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. அதே ஆண்டில் மத்திய அரசு உயிரியல் தொழில் நுட்பத்திற்கெனத் தனித் துறை ஒன்றையும் நிறுவியது. இம்மூன்றும் பின்னர் ஒன்றுசேர்ந்த கதைதான் வியப்புக்குரியது.

1992-இல் மனித இரத்தத்தைச் சாராது, மரபணுப் பொறியியலால் ஆக்கிய எட்டாவது காரணி அமெரிக்காவில் மருந்தாக வந்தது. அச்சம் நீங்கிற்று, ஆயின் வாழ்நாள் முழுதும் ஊசி நீங்கவில்லை.

வேலூரில் நிகழ்ந்தது

உறைகாரணியை வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டே இருப்பதற்கு மாறாக, அதனை ஆக்கும் மரபணுவையே நோயாளியின் உடலில் வைத்துவிட்டால் என்ன? இவ்வெண்ணமே மரபணு மருத்துவம். 1990 செப்டம்பரில் அமெரிக்காவில், நோய் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்த நான்கு வயதுச் சிறுமிக்கு இம்முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது. பாதை மலர் விரித்ததாக இல்லை. 1999-இல் பிலடெல்பியாவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இச்சோதனையில் உயிர் நீத்தார். பாரிசில் நலம் பெற்ற குழந்தைகள் சிலருக்குப் பின்னர் இரத்தப் புற்றுநோய் கண்டது. ஆராய்ச்சியாளர் தயங்கினர்; வழிமுறைகளைத் திருத்தினர்; மீண்டும் தொடங்கினர்.

ஹீமோபிலியா ‘பி’ நோயாளருக்கு வேறொரு வைரஸைக் கொண்டு கல்லீரலில் மரபணுவைச் சேர்க்கும் முறை 2011-இல் பயன் தந்தது. 2022 நவம்பரில் அது அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றபோது அதன் விலை 35 இலட்சம் டாலர்! மேலும், அத்தகைய வைரஸுக்கு எதிர்ப்பாற்றல் ஏற்கனவே உள்ளோர் பலர். அவர்களுள் சிலருக்கு இம்முறை பயன்படாமற் போகலாம்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் மத்திய அரசின் உயிரியல் தொழில் நுட்பத் துறையும் சேர்ந்து 2005-இல் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் ஒன்றை வேலூரில் நிறுவின. அங்கு டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழுவினர், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து அறிஞர்களுடன் கூடி வேறு வழியை மேற்கொண்டனர். முதலில் நோயாளியின் சொந்த மூல உயிரணுக்களை அவருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தனர். ஆய்வுக் கூடத்தில் அவற்றினுள் எட்டாவது காரணியின் மரபணுவைச் செலுத்தினர். பின்னர், கடுமையான மருந்துகளால் எலும்பு மஜ்ஜையில் இடம் ஒழித்து, திருத்திய உயிரணுக்களை அவருக்கே திருப்பி ஏற்றினர். அவை மஜ்ஜையில் குடியேறிப் பெருகின. அவற்றின் வழித்தோன்றல்களான வெள்ளணுக்கள் உறைகாரணியைச் சுரந்தன.

மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டு சென்ற வாகனம் எது தெரியுமா? எச்.ஐ.வி.யிலிருந்து ஆக்கிய வாகனமே! நோய் விளைவிக்கும் பகுதிகளை நீக்கி, உள்ளே புகும் ஆற்றலை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் நல்ல மரபணுவை ஏற்றினர். வண்டி பழைய வண்டி. சரக்கு புதிய சரக்கு. ஒரு தலைமுறை ஹீமோபிலியா நோயாளரைக் கொன்ற அதே வைரஸ் அடுத்த தலைமுறைக்கு மருந்து சுமக்கும் கூலியாள் ஆயிற்று.

2024 டிசம்பரில் இதன் முடிவுகள் அமெரிக்க மருத்துவ ஏடாகிய ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயின. கடுமையான ஹீமோபிலியா ‘ஏ’ நோயுடைய ஐவர் சிகிச்சை பெற்றனர். ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அக்காலத்தில் ஒருவருக்கேனும் நோயால் விளையும் இரத்தப்போக்கு நேரவில்லை. முன்னர் அவர்கள் உடலில் உறைகாரணி இயல்பான அளவில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

ஆயினும் மிகைபடக் கூறல் தகாது. ஐவர் என்பது சிறு தொகை. மஜ்ஜையை ஒழிக்கும் மருந்துகள் எளியன அல்ல. இன்னும் பல்லாண்டுகள் பார்த்திருத்தல் வேண்டும். நாளைக் காலை வண்டியேறிச் சென்றால் கிடைக்கும் சிகிச்சை இது என்று எவரும் எண்ணி ஏமாறற்க.

நம் கடமை

இனி, அவ்வீட்டு வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுவோம். நாக தோஷம் என்பது பொய். உறவில் மணந்ததால் வந்தது என்பதும் பொருந்தாது. ஆண் மகவின் ஒரே ‘எக்ஸ்’ இழை தாயிடமிருந்தே வருகிறது; தந்தை உறவினராயினும் அயலாராயினும் இந்நோயில் வேற்றுமை இல்லை. ஆனால், தலசீமியா போன்ற வேறு இரத்த நோய்கள் பெற்றோர் இருவரிடமும் பழுது இருந்தால் மட்டுமே குழந்தைக்கு வருவன. நெருங்கிய உறவுத் திருமணங்களில் அவற்றின் வாய்ப்பு மிகும். இவ்வேற்றுமையைத் தெளிதல் நலம்.

பாட்டியின் கூற்று மட்டும் பாதி மெய். மரபணு தாய்வழி வந்திருக்கலாம், புதிதாகவும் தோன்றியிருக்கலாம். எவ்வாறாயினும் அது குற்றம் அன்று. தன் கருவில் எந்த எழுத்து அமையும் என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை. பழிக்கப்பட்ட தாய் நோயை மறைக்கிறாள். மறைத்த நோய் மூட்டுகளை முடமாக்குகிறது. பழிச்சொல்லே இந்நோயின் இரண்டாம் கேடு.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. காரணமின்றி நீலத் தடிப்பும் மூட்டு வீக்கமும் காணும் சிறுவனுக்கு உடனே இரத்தச் சோதனை செய்வித்தல் வேண்டும். நோயென்று தெரிந்தபின் ஆஸ்பிரின் மாத்திரையும், தசையில் போடும் ஊசியும் மருத்துவரைக் கேளாமல் கூடா. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உறைகாரணி இலவசமாகக் கிடைக்கிறது. உசாவி அறிதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சிகிச்சைக்குச் செல்லும் ஹீமோபிலியா நோயாளிக்கு இரயில் கட்டணச் சலுகையும் உண்டு; இரயில்வே குடியிருப்பில் வாழும் நாம் அதனைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நோயுள்ள குடும்பத்துப் பெண்கள் திருமணத்திற்குப் பின், கருவுறுமுன், மரபணுச் சோதனையும் ஆலோசனையும் பெறலாம். அச்சோதனை அவளைத் தள்ளி வைப்பதற்கு அன்று. அவளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் துணை நிற்பதற்கு.

இனி, நம் நிலையத்தில் காட்பாடி வண்டி வந்து நிற்கும்போது, சன்னலோரத்தில் வீங்கிய காலுடன் ஒரு சிறுவனும் அவனை அணைத்தபடி ஒரு தாயும் அமர்ந்திருக்கக் கண்டால், குடிக்க நீரும் அமர இடமும் தருவதோடு நில்லாமல், “அம்மா, இதில் உங்கள் குற்றம் ஏதும் இல்லை” என்று ஒரு சொல் சொல்லி அனுப்புவோம். மருத்துவம் வேலூரில் இருக்கலாம். அச்சொல் நம்மிடமே இருக்கிறது.

வாழ்க நம் சங்கம்! வளர்க நல்லறிவு!